பரிசாக ஒரு கம்பளி விரிப்பு: எந்த முறை, எந்த இழை, எந்த அடித்துணி?

நம் வீட்டுக்கு ஒரு கால்மிதி செய்வது வேறு, இன்னொருவர் வீட்டுக்குச் செய்து கொடுப்பது வேறு. நம் வீட்டில் ஓர் இழை கிளம்பினால் கண்ணில் பட்ட உடனே கொக்கியை எடுத்து உள்ளே இழுத்து விட்டுவிடலாம். கொடுத்த பிறகு அது நம் கையில் இல்லை. அந்த வீட்டில் பூனை இருக்கலாம். வேக்குவம் கிளீனரை அழுத்தி ஓட்டுகிறவர் இருக்கலாம். அழுக்கானால் துவைக்கும் மெஷினில் போட்டுவிடுகிறவரும் இருக்கலாம். நாம் போய்த் தடுக்க முடியாது. அதனால் எது சுலபம், எது அழகு என்பதோடு, நாம் பக்கத்தில் இல்லாதபோது எது தாங்கும் என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், டார்ட்மவுத்தில். இந்தக் கடற்கரை மாகாணங்களிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கொக்கி விரிப்பு என்பது 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு நடந்த குளிர்கால வேலை. கோணிச் சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கிழிந்த கம்பளி உடுப்புகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டுவார்கள். மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கொக்கியால் அந்தக் கீற்றைச் சாக்கின் ஓட்டை வழியே மேலே இழுத்து இழுத்துத் தரை விரிப்பு செய்வார்கள். இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். ஆறு வருடத்தில் ஒன்பது விரிப்புகள் முடித்திருக்கிறேன். அதில் ஏழு பரிசாகப் போனவை. சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஏழில் தெரிந்துகொண்டது.

கையில் எதைப் பிடிப்பது

கைவினைப் பொருள் விற்கும் கடைக்குப் போனால் நான்கு வழிகள் கண்ணில் படும்.

முதலில் லேட்ச் ஹூக். படம் அச்சடித்த, சதுரச் சதுரமாக ஓட்டை விட்ட விறைப்பான வலைத்துணி, ஏறக்குறைய இரண்டரை அங்குலத்துக்கு முன்பே வெட்டி வைத்த நூல் துண்டுகள், நுனியில் மூடித் திறக்கும் நாக்கு வைத்த கொக்கி, இவை எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஒவ்வொரு துண்டையும் வலையில் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முடிச்சு என்பதால் இழை சுலபத்தில் கழலாது; அது இதன் பெரிய பலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் பெட்டியில் வரும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். பரப்பு நீள நீளமான முடி போல இருக்கும். மிதிக்க மிதிக்க ஒரு பக்கமாகப் படிந்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் தங்கள் கையால் செய்து தாத்தா பாட்டிக்குக் கொடுக்க இது நல்ல வழி. பல வருடம் காலடியில் கிடக்க வேண்டிய கம்பளி விரிப்புக்கு நான் இதை எடுக்க மாட்டேன்.

அடுத்தது டஃப்டிங் துப்பாக்கி. இதை வீடியோக்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தில் ஓடும் இந்தக் கருவி நூலைத் துணிக்குள் படபடவென்று அடித்துக்கொண்டே போகும். பெரிய விரிப்பையே ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். வேகத்தில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நூலைத் துணியோடு பிடித்து வைப்பது பின்னால் பூசும் பசைதான். பசை பூசாவிட்டால் இழுத்த கையோடு வந்துவிடும். ரப்பர் பால் பசை வருடங்கள் போகப் போகக் காய்ந்து, உடைந்து, பொடியாக உதிரும். பூசிய இடத்தைப் பிரித்துத் திருத்துவதும் பெரும்பாடு. பதினைந்து வருடம் கழித்து அந்த வீட்டில் யாராவது அதைச் சரிசெய்ய நினைத்தால் வழியை நாமே அடைத்துவிட்டோம் என்று ஆகும். அதனால் இதையும் தள்ளி வைக்கிறேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: பஞ்ச் நீடில் என்னும் குத்தூசியும், கொக்கியும்.

குத்தூசி என்பது நடுவில் குழாய் போலத் துளை வைத்த தடித்த ஊசி. நூலை அதற்குள் கோத்து, அடித்துணியின் பின்பக்கத்திலிருந்து குத்தி எடுத்துக்கொண்டே போனால் முன்பக்கத்தில் கண்ணிகள், அதாவது சின்னச் சின்ன நூல் வளையங்கள், விழும். விரிப்பு வேலைக்கு இப்போது பலர் எடுப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஏமி ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைத்த ஊசிகளை. அதில் 10ஆம் எண் ஊசி கால் அங்குல உயரத்துக்குக் கண்ணி விடும். 8ஆம் எண் அரை அங்குலத்துக்கு. உயரத்தை ஊசியே பார்த்துக்கொள்வதால் முதல் விரிப்பிலேயே கண்ணிகள் ஒரே சீராக நிற்கும். கொக்கியில் அந்தச் சீர் வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வேகமும் அதிகம். இரண்டடிக்கு மூன்றடி விரிப்பு ஒன்றைக் குத்தூசியில் ஐந்து வாரத்தில் முடித்தேன். அதே அளவு கொக்கியில் நவம்பரில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை போனது, இரண்டும் தினம் மாலையில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்துதான்.

குறைகளும் உண்டு. பின்பக்கத்திலிருந்து வேலை செய்வதால் படம் இடவலம் மாறி விழும். பெயரோ தேதியோ வைத்தால் திருப்பி வரைந்துகொள்ள மறக்கக் கூடாது. துணி மத்தளத் தோல் போல விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்தால் கண்ணி தங்காது. பரிசு என்று பார்க்கும்போது இதையெல்லாம்விட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. ஒரே நூல் அறுபடாமல் வரிசை வரிசையாக ஓடுவதால் ஓர் இடத்தில் மாட்டி இழுத்தால் அந்த வரிசை உருவிக்கொண்டே வரும். என் கல்லூரித் தோழிக்குக் கொடுத்த விரிப்பில் வேக்குவம் கிளீனரின் சுழலும் பிரஷ் மாட்டி ஒரு முழ நீளத்துக்கு நூல் வெளியே வந்துவிட்டது. அவள் பயந்துபோய் போன் செய்தாள். தபாலில் வரவழைத்துக் குத்திக் கொடுத்துவிட்டேன். ஆனால் எல்லோரும் போன் செய்ய மாட்டார்கள். வெட்டி எறிந்துவிட்டு, பரிசு கெட்டுப்போனதைச் சொல்லச் சங்கடப்பட்டு, விரிப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள்.

கொக்கியில் வேலை மேல்பக்கத்திலிருந்து நடக்கும். வலது கையில் கொக்கி. இடது கை துணிக்கு அடியில் கீற்றைப் பிடித்திருக்கும். ஓட்டைக்குள் கொக்கியை விட்டு அடியில் இருக்கும் கீற்றை வாங்கி மேலே இழுத்தால் ஒரு கண்ணி. அப்புறம் ஓர் இழையோ இரண்டு இழையோ தள்ளி அடுத்த கண்ணி. கீற்றின் இரண்டு முனைகளையும் மேலேயே கொண்டுவந்து கண்ணிகளின் மட்டத்துக்கு வெட்டிவிட வேண்டும். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. “அப்படியானால் எது பிடித்து வைக்கிறது?” என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கண்ணிகள் பக்கத்துக் கண்ணிகளை நெருக்குகின்றன, துணியின் இழைகள் கீற்றைக் கவ்வுகின்றன. அது போதும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட விரிப்புகள் இந்த ஒரு பிடியில்தான் நிற்கின்றன. அதற்காக ஒவ்வொரு ஓட்டையையும் நிரப்பிவிடக் கூடாது. நிரப்பினால் விரிப்பு பொரித்த அப்பளம் போல ஓரம் சுருண்டு தரையில் உட்காராது.

கீற்று ஒவ்வொன்றும் ஓரடி, ஒன்றேகால் அடி நீளம்தான். பூனை நகம் மாட்டினாலும் சேதம் அந்தக் கீற்றோடு நின்றுவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பரிசுக்கு நான் கொக்கிப் பக்கம். இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம், இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்றால் குத்தூசியை எடுங்கள், தப்பில்லை. கூடவே சுழலும் பிரஷ்ஷை அணைத்துவிட்டு உறிஞ்சச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

கீற்றா, நூலா

கொக்கியால் துணிக்கீற்றையும் இழுக்கலாம், கம்பளி நூலையும் இழுக்கலாம். இரண்டுக்கும் இந்தப் பகுதியிலேயே பெரிய மரபு இருக்கிறது.

நூல் பக்கம் நிற்கும் ஊர் செட்டிகாம்ப். கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில் பிரெஞ்சு பேசும் அகேடியர்கள் வாழும் மீன்பிடி ஊர். 1920களில் லில்லியன் பர்க் என்ற அமெரிக்க ஓவியர் அங்கே வந்தார். தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் குடும்பத்தின் நண்பர் அவர். ஊர்ப் பெண்களை மெல்லிய கம்பளி நூலும் மென்மையான நிறங்களும் எடுக்க வைத்து, அவர்கள் செய்ததை நியூயார்க்கில் விற்றார். அந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்த எலிசபெத் லஃபோர் (1914–2005) நூலிலேயே முகங்களைக் கொண்டுவந்தவர். அவர் வேலைப்பாடுகள் வெள்ளை மாளிகை வரைக்கும், வாத்திகன் வரைக்கும், பக்கிங்காம் அரண்மனை வரைக்கும் போயின. செட்டிகாம்பில் லே த்ருவா பின்யோன் என்ற காட்சியகத்தில் அவற்றில் பலவற்றைப் பார்க்கலாம். ஒரு கன்னத்தில் மட்டும் எத்தனை சாயல்கள்! கிட்டப்போய்ப் பார்த்தால்தான் அது நூல் என்று தெரியும். அப்படி ஒரு நுணுக்கம் வேண்டுமென்றால் நூல்தான். கண்ணிகள் சின்னது, நிறத்தை நம் விருப்பப்படி வாங்கலாம், வெட்டும் வேலை இல்லை. நியூ பிரன்சுவிக்கில் 1857 முதல் ஓடும் பிரிக்ஸ் அண்ட் லிட்டில் ஆலையின் முரட்டுக் கம்பளி நூல் இதற்கு அருமையாக ஒத்துவருகிறது. பின்னுவதற்கென்று விற்கும் மிருதுவான மெரினோ நூலைத் தரைக்கு எடுக்காதீர்கள். காலடியில் சீக்கிரம் நசுங்கிச் சுருண்டுவிடும்.

கீற்று விஷயத்தில் என் மனம் சாய்ந்திருப்பதை மறைக்கவில்லை. கீற்று பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ உடுத்திய துணி. பரிசு வாங்குகிறவர் வீட்டிலிருந்தே அது வரலாம். தம்பி புது வீடு வாங்கியபோது செய்த விரிப்பில் அவன் கனடா வந்த முதல் குளிர்காலத்தில் போட்ட கட்டம் போட்ட கம்பளிச் சட்டை இருக்கிறது. முழங்கை கிழிந்து என்னிடம் கிடந்தது. கட்டம் போட்ட துணியைக் கீற்றாக்கி இழுத்தால் கட்டம் தெரியாது. சிவப்பும் கறுப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்து எரிகிற கரி போல ஒரு நிறம் வரும். அவன் விரிப்பைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து அந்த இடத்தை மட்டும் தடவிப் பார்த்தான். எந்தக் கடை நூலிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

இந்த மண்ணில் கிடைத்ததை வைத்துச் செய்வதற்குப் பெரிய உதாரணம் கிரென்ஃபெல் விரிப்புகள். வடக்கு நியூஃபவுண்ட்லாந்திலும் லாப்ரடாரிலும் டாக்டர் வில்ஃபிரெட் கிரென்ஃபெல் நடத்திய மருத்துவ மிஷன், மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்று விரிப்பு வேலையை ஏற்பாடு செய்தது. 1920களின் கடைசியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த பெண்களிடம் கிழிந்த பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கிச் சாயம் ஏற்றிக் கொடுத்தார்கள். பனிக்கரடியும் நாய்வண்டியும் வாத்துக் கூட்டமும் போட்ட அந்த விரிப்புகள் நேர்கோடு நேர்கோடாக, ஓட்டை விடாமல் இழுத்தவை. இன்று அவற்றைப் பெரிய விலை கொடுத்துச் சேகரிக்கிறார்கள். பட்டுக் காலுறையில் இவ்வளவு செய்ய முடியுமென்றால் நம் அலமாரியில் கிடக்கும் கம்பளிப் பாவாடைக்கு என்ன குறை?

ஆனால் எந்தப் பழைய துணியும் ஆகாது. பழைய துணிக் கடையில் நான் தேடுவது பாவாடை, கம்பளிச் சட்டை, போர்வை. சூட் தைக்கும் வழவழப்பான துணியை விட்டுவிடுங்கள், கீற்றாக வெட்டினால் இழை இழையாகப் பிரியும். கம்பளியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி தீய்ந்த வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. கொண்டுவந்த துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து உலர்த்தினால் சுருங்கி இறுகிக்கொள்ளும். வெட்டினாலும் ஓரம் பிரியாது, அந்துப்பூச்சி முட்டையும் போய்விடும். கோட்டுத் துணிக்கு மட்டும் சூடு வேண்டாம். அது ஏற்கெனவே தடிமன், இன்னும் தடித்தால் கொக்கி உள்ளே போகாது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுக்கிறேன்.

கீற்றின் அகலத்தை எண்ணால் சொல்வார்கள். 3ஆம் எண் என்றால் அங்குலத்தில் 32இல் 3 பங்கு. 6ஆம் எண் 32இல் 6. 8ஆம் எண் கால் அங்குலம். மெல்லிய 3, 4 எண்கள் பூவிதழ், பறவை இறகு போன்றவற்றுக்கு. முதல் பரிசுக்கு 6 அல்லது 8 எடுங்கள். வடிவம் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் முடிக்காமல் பாதியில் விட மாட்டீர்கள். வெட்டும் இயந்திரம் விலை அதிகம். துணியின் நேர் இழையைப் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டினாலே போதும், நான் நான்கு விரிப்பு அப்படித்தான் செய்தேன். குறுக்கே சாய்ந்து வெட்டிய கீற்று இழுக்கும்போது அறுந்துவிடும், அதில் மட்டும் கவனம்.

எவ்வளவு துணி தேவைப்படும் என்பதுதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடும் இடம். விரிப்பின் பரப்பைப்போல நான்கு மடங்கு கம்பளி வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி என்றால் 6 சதுர அடி, ஆக 24 சதுர அடித் துணி. கண்ணியை உயரமாக இழுக்கிறவர்களுக்கு ஐந்து மடங்கு ஆகும். பின்னணிக்கு ஒரே நிறம் வைப்பதாக இருந்தால் அந்தத் துணி முழுவதையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து, அதே சாம்பல் நிறத்தைத் தேடி நான் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு மூன்று சாம்பல் துணிகளைத் தொடக்கத்திலிருந்தே கலந்து இழுத்துவிடுகிறேன். பார்க்கவும் அது உயிரோடு இருக்கிறது.

அடித்துணி

இந்த அலசலில் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். விரிப்பு முடிந்த பிறகு அடித்துணி கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் அதில் காசு மிச்சம் பிடிக்கத் தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பாட்டி பரணிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து வந்தார். அவருடைய அம்மா 1940களில் செய்தது. நடுவில் ரோஜாக் கொத்து, நான்கு மூலையிலும் சுருள் இலை. நாலாக மடித்து ஒரு பெட்டியில் இருந்திருக்கிறது. “ஓரம் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது, தைத்துத் தர முடியுமா?” என்று கேட்டார். மேசையில் வைத்துப் பிரித்தேன். மடிப்பு வழியாகக் காய்ந்த வாழைச் சருகு போல நொறுங்கியது. பழுப்புத் தூள் மேசையெல்லாம் கொட்டியது. ரோஜாவின் சிவப்பு அப்படியே இருந்தது. கம்பளியில் ஓர் இடத்தில்கூடக் கிழிசல் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்த சாக்குதான் போய்விட்டது. தைப்பதற்கு ஊசி குத்தினால் அந்த இடமும் உடைந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் அந்தத் தூளைக் கையால் கூட்டி ஒரு தாளில் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு மனதுக்குள் ஏதோ செய்யும். வங்காளத்தில் விளைந்த சணல் அது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளும், 1855இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் தொடங்கிப் பெருகிய ஆலைகளும் அதைச் சாக்காக நெய்து உலகம் முழுவதும் அனுப்பின. தானியமும் தீவனமும் சர்க்கரையும் ஏற்றி அந்தச் சாக்குகள் இந்தக் கரைக்கு வந்தன. கொக்கி நுழையும் அளவுக்கு அகன்ற நெசவு, அதுவும் காசில்லாமல்! கொக்கி விரிப்பு இங்கே வீட்டுக்கு வீடு பரவியதே இந்தச் சாக்கு கிடைக்க ஆரம்பித்த பிறகுதான். நியூஃபவுண்ட்லாந்தில் இன்றும் அதை பிரின் என்று தனிப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஆக, சணலை நான் மட்டமாகப் பேச மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்தக் கலையே இவ்வளவு வளர்ந்திருக்காது.

ஆனால் பரிசுக்கு வேண்டாம். சணலில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெளிச்சமும் காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு நார் உலர்ந்து உடையும். நனைந்தால் பலம் குறையும். லினன் ஆளி நாரில் நெய்தது. அதில் லிக்னின் மிகக் குறைவு. நனைந்தால் பலம் கூடும். சணல் போலச் சுலபத்தில் நொறுங்காது. இழுக்கும்போது கைக்கும் இதம், உள்ளே போன கொக்கி சிக்காமல் வெளியே வரும். விலை சணலைவிடப் பல மடங்கு, அது உண்மை. ஆனால் இரண்டடிக்கு மூன்றடி விரிப்புக்கு, நாலு பக்கமும் நாலு அங்குலம் ஓரம் விட்டால், 32க்கு 44 அங்குலத் துண்டு ஒன்றுதான் வேண்டும். கம்பளி முழுவதையும் பழைய துணிக் கடையில் எடுத்துவிட்டு அந்த மிச்சத்தை லினனில் போடுங்கள் என்பதுதான் என் கணக்கு. பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை உயர்ந்த கையால் சாயம் போட்ட கம்பளி வாங்கி, அலங்காரத்துக்கு விற்கும் தளர்ந்த சணல் துணியில் இழுக்கிறார்கள். நாலு மாத உழைப்பு அந்தத் துணியின் ஆயுளுக்குத்தான் நிற்கும்.

இடையில் இரண்டு பருத்தித் துணிகளும் இருக்கின்றன. மங்க்ஸ் கிளாத் மிருதுவானது, லினனைவிட மலிவு, குத்தூசிக்கு இதுதான் வழக்கம். கொக்கிக்கும் ஆகும், ஆனால் இழுத்துக் கட்டும்போது நீண்டு கொடுக்கும். நேராக வரைந்த சதுரம் சட்டத்திலிருந்து எடுக்கும்போது கோணலாக நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்கிற பொறுமை இருந்தால் நல்ல துணி. ரக் வார்ப் என்பது அதைவிட நெருக்கமான கெட்டி நெசவு. 3, 4 எண் போன்ற மெல்லிய கீற்றுக்கு ஏற்றது. சணலை எங்கே எடுக்கலாம் என்றால், பழகுவதற்கும், சுவரில் மாட்டி யாரும் தொடாமல் வைக்கும் படத்துக்கும்.

படம், அளவு, ஓரம்

அச்சடித்த படமா, சொந்தப் படமா என்பதில் நீண்ட வாதம் தேவையில்லை. மெய்ன் மாநிலத்தின் பிடிஃபோர்டில் எட்வர்ட் சான்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்ற தகரச் சாமான் வியாபாரி 1868 வாக்கில் தகடுகளை வெட்டி அச்சாக வைத்துச் சாக்கில் படம் பதித்து வீடு வீடாக விற்றார். அப்போதே அச்சுப் படம் வந்துவிட்டது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவரை நமக்குத் தெரியும், அச்சடித்தவருக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு வாசல் மரம், அவர்கள் வளர்க்கும் நாய், வந்த ஊரின் பெயர் என்று பெரிய எளிய உருவமாக வரையுங்கள். கீற்று எவ்வளவு அகலமோ அதைவிட நுணுக்கமான எதையும் அதனால் காட்ட முடியாது.

அளவில் ஆசைப்படாதீர்கள். முதல் பரிசுக்கு 14 அங்குல நாற்காலி மெத்தை விரிப்பு அழகாகப் போதும். கொடுக்கும்போது எங்கே போட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். இங்கத்திய குளிர்காலத்தில் வாசலில் போட்டால் பூட்ஸில் வரும் உப்பும் சேறும் அதைத் தின்றுவிடும். படுக்கைப் பக்கம், படிக்கும் நாற்காலிக்கு முன், அடுப்பிலிருந்து தள்ளிய சமையலறை மூலை, இவை நல்ல இடங்கள்.

ஓரத்தைக் கயிறு வைத்துக் கம்பளி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைப்பது ஒரு வழி. நாடா வைத்துப் பின்னால் மடித்துத் தைப்பது இன்னொன்று. நாடா சீக்கிரம் முடியும். ஆனால் எந்த விரிப்பும் முதலில் தேய்வது ஓரத்தில்தான். நூல் சுற்றிய ஓரம் தேய்ந்தால் மேலே இன்னொரு சுற்று சுற்றிக்கொள்ளலாம், அதனால் பரிசுக்கு அதையே செய்கிறேன். கடைசியாக ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் ஆவி காட்டி, தட்டையாக ஒரு நாள் உலர விடுங்கள். கண்ணிகள் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து உட்காரும். வழுக்காமல் இருக்கப் பின்னால் பசை பூசாதீர்கள், அடியில் ஒரு வழுக்காத வலை விரிப்பு வையுங்கள்.

பின்பக்கத்தில் ஒரு துணிச் சீட்டு தைத்துவிடுவேன்: யாருக்கு, யார், எந்த வருடம், என்னென்ன துணி. அதற்குக் கீழே மூன்று வரி. மெஷினில் துவைக்காதீர்கள். உதறி அடிக்காதீர்கள். மடிக்காதீர்கள், பூப்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். மூன்றாவது வரி எனக்கே பழக நாளானது. பவானி ஜமக்காளத்தை எட்டாக மடித்து அலமாரியில் அடுக்கும் வீட்டில் வளர்ந்த கை மடிக்கத்தான் போகும்.

பாட்டியின் விரிப்பைத் தைக்க முடியவில்லை. ஆனால் அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் அம்மா இழுத்த கீற்றுகளை அந்த உடைந்த சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். அது சுலபமாக வந்தது; முடிச்சும் பசையும் இல்லையே. கத்தரிக்கோலால் வெட்டியவை, ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. வலைப் பையில் போட்டு அலசி உலர்த்தினேன். தேய்ந்தவை போக ரோஜாவுக்கும் இலைக்கும் போதுமானது இருந்தது. பின்னணிக்கு அவர் வீட்டிலேயே கிடந்த ஒரு பழுப்புப் போர்வை. பழைய விரிப்பின் மேல் மெல்லிய துணி விரித்து அதே கோடுகளை எடுத்து, லினனில் இழுத்தேன். பின்பக்கச் சீட்டில் அவர் அம்மா பெயர் மேலே, என் பெயர் கீழே. பாட்டி அதை மறுபடி பெட்டியில் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

போன பிப்ரவரியில் நல்ல குளிர், ஈரமில்லாத பொடிப் பனி விழுந்த ஒரு காலையில் பாட்டி போன் செய்து கூப்பிட்டார். இந்த ஊரில் கம்பளி விரிப்பைச் சுத்தம் செய்வது அப்படித்தான்: பூப்பக்கம் கீழே இருக்கும்படி பனியின் மேல் போட்டு, மேலே லேசாகத் தட்ட வேண்டும். சணலில் செய்த விரிப்பென்றால் ஈரத்துக்குப் பயந்து நான் யோசித்திருப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கையைக் காட்டக் காட்ட, நான் விரித்து, தட்டி, கால் மணி நேரம் கழித்துத் தூக்கினேன். பனியில் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம் இருந்தது. ரோஜாவின் சிவப்பு முன்பைவிடக் கூடியிருந்தது.